மியூர்பீல்டுப் புல்வெளியும் மலாயா மரப்பாலும்

விளையாட்டின் வரலாறு என்றவுடன் அதனை வெற்றி தோல்விகளின் பட்டியல் என்று கருதுவோர் பலர். ஊன்றி ஆராய்ந்தால், ஒரு விளையாட்டின் வரலாற்றில் ஒரு சமுதாயத்தின் வரலாறே அடங்கியிருக்கக் காணலாம். யார் ஆடினர்? ஆடுவோரின் சுமையை யார் தூக்கினர்? ஆடிய நிலம் யாருக்கு உரியது? ஆடுகருவிக்கு வேண்டிய பொருள் எந்நாட்டிலிருந்து வந்தது? இவ்வினாக்களுக்கு விடை தேடினால் நிலவுடைமை, வாணிகம், சட்டம், தொழில் ஆகிய யாவும் நம் கண்முன் வந்து நிற்கும். இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு, கோல்ப் எனப்படும் குழிப்பந்தாட்டம்.

சிறு பந்து ஒன்றை மட்டையால் அடித்து, புல்வெளியில் தொலைவில் அமைந்த குழிக்குள் விழச் செய்வதே இவ்வாட்டம். இவ்வாறு பதினெட்டுக் குழிகளை வரிசையாக முடிப்பது ஒரு சுற்று. மிகக் குறைந்த அடிகளில் சுற்றை முடித்தவர் வென்றவராவார். ஸ்காட்லாந்தில் எடின்பரோ நகருக்குக் கிழக்கே சுமார் இருபது மைல் தொலைவில், கல்லன் என்னும் சிற்றூரை ஒட்டி, மியூர்பீல்டு என்னும் ஆட்டத்திடல் உள்ளது. இது தனியார் கழகம் ஒன்றின் உடைமை. அக்கழகத்தின் பெயர், எடின்பரோ கோல்ப் ஆட்டக்காரர்களின் மாண்புமிகு கழகம் என்பது. இன்று கிடைத்துள்ள கோல்ப் விதிகளுள் மிகப் பழையவற்றை எழுதியவர்கள் இவர்களே.

வடகடல் நாட்டில் சீமான்கள் ஆடும் ஆட்டம் நமக்கு எதற்கு என்று சிலர் வினவலாம். அவ்வாட்டத்தின் பந்து நம் நாட்டுக் காட்டிலிருந்தும், பின்னர் நம் மக்கள் உழைத்த தோட்டங்களிலிருந்தும் வந்த பாலினால் ஆயது என்பதை அறிந்தால் இவ்வினா எழாது. ஆட்டத்துக்கு விதி தந்தவர் எடின்பரோச் சீமான்கள். அதனை எளியோரும் ஆடச் செய்ததில் பெரும்பங்கு மலாயா மரத்துக்கு உண்டு. இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

லீத் வெளியும் பதின்மூன்று விதிகளும்

ஸ்காட்லாந்தில் இவ்வாட்டம் மிகப் பழமையானது. 1457ஆம் ஆண்டில் அந்நாட்டு மன்றம், மக்கள் வில்வித்தை பழகாமல் கால்பந்திலும் கோல்பிலும் காலம் கழிக்கின்றனர் என்று கருதி, இவ்விரண்டையும் தடை செய்து சட்டம் இயற்றியது. தடை செய்யும் அளவுக்கு மக்களிடம் இவ்வாட்டம் பரவியிருந்தது என்பது இதனால் புலப்படும்.

எடின்பரோவின் துறைமுகப் பகுதி லீத். அங்கே கடலோரத்தில் பரந்ததொரு பொதுவெளி இருந்தது. அதில் ஐந்து குழிகளே இருந்தன. 1744ஆம் ஆண்டில் அவ்வெளியில் ஆடிவந்த கனவான்களின் வேண்டுகோளை ஏற்று, எடின்பரோ நகர மன்றம் வெள்ளியால் ஆன மட்டை ஒன்றைப் பரிசாக அளித்தது. வெளியூராரும் போட்டியில் கலந்துகொள்ளலாம் என்று ஆனபோது, யாவருக்கும் பொதுவான விதிகள் தேவைப்பட்டன. அவ்வாறு எழுதப்பட்டவையே பதின்மூன்று விதிகள்.

முதற்போட்டியில் வென்றவர் ஜான் ரேட்ரே என்னும் அறுவை மருத்துவர். அடுத்த ஆண்டில் மூண்ட கிளர்ச்சியில் இவர் இளவரசர் சார்லஸ் எட்வர்டின் படையுடன் மருத்துவராகச் சென்றார். 1746ஆம் ஆண்டில் கலோடன் போரில் அப்படை தோற்றது, ரேட்ரே சிறைப்பட்டார். ஸ்காட்லாந்தின் தலைமை நீதிபதியாக இருந்த டங்கன் போர்ப்ஸ், அரசரின் பக்கம் நின்றவர். எனினும் தம்முடன் லீத் வெளியில் ஆடிய நண்பருக்காகப் பரிந்து பேசினார். ரேட்ரே உயிர் தப்பினார்.

அப்பதின்மூன்று விதிகளும் ஒரு தாளில் அடங்கும் அளவுக்குச் சுருக்கமானவை. வரலாற்று மாணவர் அவற்றை ஆட்டவிதி என்று மட்டும் படித்தல் போதாது. அக்காலத்து நிலத்தைக் காட்டும் சான்றாகவும் படித்தல் வேண்டும். அடித்த பந்தை ஒரு மனிதனோ குதிரையோ நாயோ தடுத்துவிட்டால், அது கிடக்கும் இடத்திலிருந்தே ஆடவேண்டும் என்கிறது ஒரு விதி. மாணவர்கள் ஏற்படுத்திய குழிகளையும் படைவீரர்கள் அமைத்த வரிகளையும் ஆட்டத்தின் இடையூறுகளாகக் கொள்ளலாகாது என்கிறது மற்றொன்று. இவற்றால் நாம் அறிவது யாது? அவ்வெளியில் குதிரையும் நாயும் நடமாடின, பள்ளிப் பிள்ளைகள் விளையாடினர், படைவீரர்கள் பயின்றனர். சீமான்கள் ஆடினாலும், அது ஊரார் அனைவரும் புழங்கிய நிலமாகவே இருந்தது.

இறகும் பிசினும்

நிலம் பொதுவாக இருந்தும், முறையான ஆட்டம் பெரும்பாலும் வசதி படைத்தோரிடமே தங்கியது. இதற்குக் காரணம் பந்து. தோலால் சிறு பை தைத்து, ஒரு தொப்பி கொள்ளும் அளவு இறகுகளை வேகவைத்து, அவற்றை அச்சிறு பைக்குள் திணித்துத் தைப்பர். காய்ந்தபின் தோல் சுருங்கும், இறகு விரியும், பந்து கல் போல் இறுகும். கைதேர்ந்த தொழிலாளரும் ஒரு நாளில் மூன்று நான்கு பந்துகளுக்கு மேல் செய்தல் அரிது. ஆகவே விலை மிகுதி. மழையில் நனைந்தால் தையல் விட்டுவிடும். மட்டையின் விளிம்பு பட்டால் கிழிந்துவிடும். இத்தகைய பந்தை ஒரு நாளில் இரண்டு மூன்று இழக்கக்கூடியவர் யார்? கனவான்களே.

இந்நிலையை மாற்றியது மலாயாக் காட்டு மரம் ஒன்று. மலாய் மொழியில் கெத்தா என்பது மரப்பாலையும் பிசினையும் குறிக்கும் சொல். கெத்தா பெர்ச்சா என்னும் பிசின், வெந்நீரில் இட்டால் மெழுகு போல் இளகும், ஆறினால் கெட்டிப்படும். மலாய் மக்கள் இதனால் பாராங்கத்திக்குப் பிடி செய்துவந்தனர். சிங்கப்பூரில் மருத்துவராகப் பணியாற்றிய வில்லியம் மான்கோமரி இதனைக் கண்டு ஆராய்ந்து, 1843ஆம் ஆண்டில் இலண்டனுக்கு மாதிரிகள் அனுப்பினார்.

1848ஆம் ஆண்டையொட்டி இப்பிசினால் கோல்ப் பந்து செய்யப்பட்டது. இதற்கு வழிகாட்டியவர் செயிண்ட் ஆண்ட்ரூஸ் நகரில் பயின்ற ராபர்ட் பேட்டர்சன் என்பர். அவர் இல்லத்துக்குக் கீழை நாட்டிலிருந்து திருமால் சிலை ஒன்று வந்ததாகவும், அது உடையாதிருக்கப் பொதிந்திருந்த கெத்தாத் துண்டுகளை உருக்கியே அவர் முதற்பந்தை உருட்டியதாகவும் ஒரு கதை வழங்குகிறது. கதை எவ்வாறாயினும், பொருள் நம் பக்கத்திலிருந்து சென்றது என்பதில் ஐயமில்லை.

கெத்தாப் பந்தின் விலை இறகுப் பந்தின் விலையைவிட மிகக் குறைவு. மழைக்கு அஞ்ச வேண்டியதில்லை. உடைந்தால் வெந்நீரில் இட்டு மீண்டும் உருட்டிக்கொள்ளலாம். இறகுப் பந்து செய்வதில் பெயர் பெற்ற ஆலன் ராபர்ட்சன் இதனை வெறுத்தார். அவரிடம் தொழில் பழகிய டாம் மாரிஸ் புதுப்பந்தை ஏற்றமையால் இருவரும் பிரிந்தனர். ஆயினும் காலத்தைத் தடுக்க யாரால் இயலும்? இருப்புப்பாதைகள் பரவிக் கடலோர ஊர்களுக்குச் செல்வது எளிதானதும் இதனோடு சேர்ந்துகொள்ள, கணக்கரும் கடைக்காரரும் தச்சரும் ஆடத் தொடங்கினர். ஊர்தோறும் கழகங்கள் தோன்றின.

ஆனால் நம் காடு கொடுத்த விலை பெரிது. தாபான் எனப்படும் இம்மரத்தை அக்காலத்தார் நிற்கவைத்துப் பால் எடுக்கவில்லை. வெட்டிச் சாய்த்து, பட்டையில் வளையம் வளையமாகக் கீறிப் பிசினைத் திரட்டினர். பல ஆண்டு வளர்ந்த ஒரு மரத்தைச் சாய்த்தாலும் சில இராத்தல் பிசினே கிடைத்தது. கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையிடவே இதில் பெரும்பகுதி செலவாயிற்று. பந்துக்குச் சென்றது சிறுபகுதியே. இரண்டுமாகச் சேர்ந்து, சில பத்தாண்டுகளில் மலாயாக் காடுகளில் இம்மரம் அரிதாகிப்போனது.

பொதுவெளியிலிருந்து மதிலுக்குள்

ஆட்டம் பலருக்கும் உரியதாக ஆக, முன்பு ஆடிவந்த சீமான்களுக்கு இடநெருக்கடி ஏற்பட்டது. மாண்புமிகு கழகத்தார் 1836ஆம் ஆண்டிலேயே லீத்தை விட்டு மசல்பரோ வெளிக்குச் சென்றிருந்தனர். அதுவும் பொதுவெளிதான். பல கழகங்கள் அங்கே ஆடின. குதிரைப் பந்தயமும் நடந்தது. மீன் விற்கும் பெண்களும் அவ்வூரில் கோல்ப் ஆடினர். 1811ஆம் ஆண்டுப் புத்தாண்டு நாளில் அப்பெண்களுக்கு நடக்கும் போட்டியில் வெல்பவருக்கு மீன்கூடையும் பட்டுக் கைக்குட்டைகளும் பரிசளிக்க உள்ளூர்க் கழகம் ஒன்று தீர்மானித்த செய்தி, அதன் குறிப்பேட்டில் உளது.

1891ஆம் ஆண்டில் மாண்புமிகு கழகத்தார் மசல்பரோவையும் விட்டு நீங்கினர். மியூர்பீல்டில் தமக்கே உரிய நிலத்தில் புதுத்திடல் அமைத்தனர். அதனை வகுத்துத் தந்தவர், கெத்தாப் பந்துக்காகத் தம் ஆசானைப் பிரிந்த அதே டாம் மாரிஸ். கல்மதில் சூழ்ந்த திடல் அது. முன்னைய இரு வெளிகளிலும் ஊராரை யாரும் விலக்க இயலாது. மியூர்பீல்டிலோ உறுப்பினரும், அவர் இசைவு பெற்றோருமே ஆடலாம்.

மறு ஆண்டிலேயே, 1892இல், பிரித்தானியப் பொதுப்போட்டி இங்கே நடந்தது. மசல்பரோவின் முறையாக வரவேண்டிய போட்டியைக் கழகத்தார் தம்முடன் கொண்டுசென்றனர் என்று மசல்பரோ ஆட்டக்காரர்கள் மனங்கசந்தனர். அவ்வாண்டு முதற்கொண்டே பொதுப்போட்டி 72 குழிகளாக நடைபெறலாயிற்று. வென்றவர் ஹரால்டு ஹில்டன். அவர் பொருளுக்காக ஆடாதவர்.

ரப்பர்ப் பந்து

1898ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கோபர்ன் ஹாஸ்கல் என்பவர், ரப்பர்த் தொழிற்சாலை ஒன்றில் பணியாற்றிய பெர்ட்ராம் வொர்க் என்பவருடன் சேர்ந்து, ரப்பர் நூலை இழுத்து இறுகச் சுற்றி, மேலே கெத்தா உறையிட்டு ஒரு பந்து செய்தார். அது கெத்தாப் பந்தைவிட நெடுந்தொலைவு சென்றது. 1901ஆம் ஆண்டில் மியூர்பீல்டில் ஜேம்ஸ் பிரெய்டு கெத்தாப் பந்தைக் கொண்டே வென்றார்; அம்மகிழ்ச்சியில் தம் மகனுக்கு மியூர்பீல்டு என்பதையும் சேர்த்துப் பெயரிட்டார். மறு ஆண்டில் ஹாய்லேக்கு என்னும் இடத்தில் சேண்டி ஹெர்டு ரப்பர்ப் பந்தால் வென்றார். அதன்பின் சில ஆண்டுகளில் கெத்தாப் பந்து வழக்கொழிந்தது.

இங்கே ஒன்றைத் தெளிவாகக் குறித்தல் வேண்டும். முதல் ரப்பர்ப் பந்துகள் செய்யப்பட்ட காலத்தில் நம் தோட்டங்கள் இளங்கன்று நிலையிலேயே இருந்தன. 1876ஆம் ஆண்டில் பிரேசிலிலிருந்து விதை இலண்டன் சென்றது. 1877இல் அங்கிருந்து கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. சிங்கப்பூர்ப் பூங்காவின் தலைவராக 1888இல் வந்த ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையை வகுத்தார். வெட்டிச் சாய்த்த கெத்தா மரத்துக்கு வாய்க்காத பேறு இது. 1896இல் மலாக்காவில் டான் சே யான் வாணிகத்துக்காக ரப்பர் பயிரிட்டார். பின்னர் வந்த இருபது ஆண்டுகளில் மலாயா உலகின் முதன்மையான ரப்பர் நாடாயிற்று.

அந்த முதன்மைக்கு யார் உழைத்தனர் என்பதை நம் வாசகர்க்குச் சொல்ல வேண்டியதில்லை. இருள் பிரியுமுன் பெரட்டுக்கு நின்று, உளியும் வாளியுமாக நிரைக்குள் இறங்கி, மங்கில் வடிந்த பாலைத் தோளில் சுமந்து வந்தவர்களுள் பெரும்பாலோர் தென்னிந்தியாவிலிருந்து வந்த நம் முன்னோர். அப்பால் பெரும்பாலும் வண்டிச் சக்கரங்களுக்குச் சென்றது. அதில் ஒரு துளி பந்தாகவும் உருண்டது.

ஒரு சுற்று

பந்து நெடுந்தொலைவு சென்றதால் பழைய திடல்கள் சிறுத்துப்போயின. மியூர்பீல்டை ஈரம் படிந்த பழைய புல்தரை என்று ஆண்ட்ரூ கர்கால்டி என்னும் ஆட்டக்காரர் இகழ்ந்ததும் உண்டு. ஆகவே 1920களில் ஹாரி கோல்ட் என்னும் வல்லுநர் திடலைத் திருத்தி அமைத்தார். இன்று அங்கே ஆடுவோர் காண்பது பெரிதும் அவர் வகுத்த சுற்றே.

இச்சுற்றின் அமைப்பு நுட்பமானது. பழைய கடலோரத் திடல்கள் பலவற்றில் ஒன்பது குழிகள் நேராக வெளியே செல்லும்; மற்ற ஒன்பது திரும்பி வரும். அதனால் பாதி ஆட்டம் காற்றை எதிர்த்தும், பாதி காற்றுடன் சேர்ந்தும் நடக்கும். மியூர்பீல்டிலோ முதல் ஒன்பது குழிகள் கடிகார முள் சுற்றும் திசையில் வெளிவட்டமாகச் செல்கின்றன. அடுத்த ஒன்பது அதற்குள்ளே எதிர்த்திசையில் சுழல்கின்றன. ஆகவே காற்று குழிக்குக் குழி வேறு பக்கத்திலிருந்து வீசுகிறது. ஒரு குழியில் கற்றது அடுத்த குழியில் உதவாது. ஒவ்வொரு முறையும் புதிதாகக் கணக்கிட வேண்டும்.

முதற்குழியே நீளமானது, வழக்கமாக வீசும் மேல்காற்றை எதிர்த்து அடிக்க வேண்டும். இருபுறமும் நெடும்புல். புல்வழியில் ஆங்காங்கே மணற்குழிகள். அவற்றின் சுவர்களைப் புல்கட்டிகளை அடுக்கிச் செங்குத்தாக எழுப்பியிருக்கின்றனர். உள்ளே விழுந்த பந்தை முன்னோக்கி அடிக்க இயலாமல், பக்கவாட்டிலோ பின்னோக்கியோ வெளியேற்ற நேரிடுவதும் உண்டு. ஆயினும் இத்திடலை நேர்மையான திடல் என்று ஆட்டக்காரர்கள் போற்றுவர். காரணம், இடர்கள் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும்படி அமைந்துள்ளமை. மறைந்திருந்து வீழ்த்தும் குழிகள் குறைவு. தவறினால் தன் தவறே ஒழிய, திடலின் வஞ்சனை என்று சொல்ல முடியாது.

ஒன்பதாம் குழியில் இடப்பக்கம் நெடுகக் கல்மதில் வருகிறது. அதற்கு அப்பால் பந்து சென்றால் தண்டனை. பதின்மூன்றாம் குழி குறுகியது. ஆனால் மேட்டின்மீது ஒடுங்கிய பசுந்தரை, இருமருங்கும் ஆழ்ந்த மணற்குழிகள். 2002ஆம் ஆண்டில் எர்னி எல்ஸ் அக்குழிகளுள் ஒன்றிலிருந்து பந்தைத் தூக்கிக் கொடிமரத்தருகே விழச் செய்தமை இன்றும் பேசப்படுகிறது. பதினேழாம் குழியில், 1972இல், டோனி ஜாக்லின் வெல்வார் என்று யாவரும் எண்ணியிருந்த வேளையில், லீ டிரெவினோ பசுந்தரைக்கு அப்பாலிருந்து அடித்த பந்து நேரே குழிக்குள் விழுந்தது. மனம் கலங்கிய ஜாக்லின் அண்மையிலிருந்தே மூன்று முறை அடிக்க நேர்ந்தது, வெற்றி கைமாறியது. 1987இன் இறுதிச் சுற்றில் மூடுபனிக்கு நடுவே நிக் பால்டோ பதினெட்டுக் குழிகளையும் ஒவ்வொன்றுக்கும் உரிய அடிகளில், கூடாமல் குறையாமல் முடித்து வென்றார்.

1966இல் இங்கே வென்ற ஜாக் நிக்லாஸ், வலிமை மிக்கவராயிருந்தும் பெரிய மட்டையை அரிதாகவே எடுத்தார். தொலைவைவிட இலக்கே பெரிதென்று ஆடினார். பின்னர் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் தாம் அமைத்த திடலுக்கு இதன் பெயரையே சூட்டினார்.

உறுப்பினர்கள் விரும்பி ஆடும் முறை நால்வர் ஆட்டம். இருவர் இருவராகச் சேர்ந்து, ஒரு பக்கத்தாருக்கு ஒரே பந்து. இருவரும் மாறி மாறி அடிப்பர். ஒருவர் மணலில் தள்ளிய பந்தை மற்றவர் எடுத்தாக வேண்டும். தோழனைக் கடிந்துகொள்ளாமல் அவன் பிழையைச் சுமக்கும் பழக்கத்தை இது தருகிறது.

அடைத்த கதவும் திறந்த கதவும்

இத்துணைச் சிறந்த திடலின் கதவு யாருக்குத் திறந்தது என்று கேட்டறிதல் வரலாற்றாசிரியர் கடமை. மட்டை தூக்கிய ஏழைச் சிறுவர்களும், மட்டையும் பந்தும் செய்த தொழிலாளருமே அந்நாளில் இவ்வாட்டத்தில் மிக வல்லவர்களாக விளங்கினர். 1860இல் நடந்த முதற் பொதுப்போட்டியில் வென்ற மசல்பரோ வில்லி பார்க்கு, மட்டை தூக்கி வளர்ந்தவரே. எனினும் பொருளுக்காக ஆடுவோர் கனவான்களின் மனைக்குள் நுழைய முடியாதிருந்தது. 1920இல் டீல் என்னும் ஊரில் நடந்த போட்டியில், உடைமாற்றவும் மனைக்குள் இடம் பெறாத அமெரிக்கர் வால்ட்டர் ஹேகன், விலையுயர்ந்த வண்டி ஒன்றை வாசலில் நிறுத்தி அதையே தம் அறையாகக் கொண்டார். கொல்லர் மகனாகப் பிறந்து மட்டை தூக்கி வளர்ந்த அவரே 1929இல் மியூர்பீல்டில் வெற்றி பெற்றார்.

பெண்களுக்கு இன்னும் நெடுங்காலம் ஆயிற்று. மீன் விற்ற பெண்கள் மசல்பரோவில் ஆடி இரண்டு நூற்றாண்டு கடந்த பின்னரும், மாண்புமிகு கழகத்தில் பெண் உறுப்பினர் இல்லை. 2016ஆம் ஆண்டில் வாக்கெடுப்பு நடந்தது. ஆதரித்தோர் பாதிக்கு மேற்பட்டவராயினும், விதிப்படி வேண்டிய மூன்றில் இரண்டு பங்கு கிட்டவில்லை. பொதுப்போட்டியை நடத்துவோர், இனி மியூர்பீல்டுக்குப் போட்டி இல்லை என்று அறிவித்தனர். 2017இல் மீண்டும் வாக்கெடுத்தபோது ஐந்தில் நான்கு பங்கினர் இசைந்தனர். 2019இல் முதற்பெண்கள் உறுப்பினராயினர். 2022இல் பெண்களுக்கான பொதுப்போட்டி அங்கேயே நடந்து, தென்னாப்பிரிக்க வீராங்கனை ஆஷ்லி புகாய் வென்றார். 1744இல் விதி எழுதிய கழகம், விதியின் பொதுமையைத் தன் கதவுக்கும் ஏற்க 275 ஆண்டுகள் ஆயின.

நாம் கொள்ளத்தக்கது

நம் பகுதிக்கும் இவ்வாட்டம் விரைவிலேயே வந்தது. 1891இல் சிங்கப்பூரிலும், 1893இல் சிலாங்கூரிலும் ஆங்கிலேயர் கோல்ப் கழகங்கள் அமைத்தனர். இன்று பந்தில் மரப்பால் இல்லை. இரசாயன முறையில் ஆக்கிய செயற்கை ரப்பரே அதன் கரு. ரப்பர்த் தோட்டங்களுள் பல செம்பனைக்கு மாறின, சில வீட்டுமனைகளாயின, சில இடங்களில் பழைய நிரைகள் இருந்த மேடுகளிலேயே கோல்ப் திடல்கள் எழுந்துள்ளன.

இவ்வரலாற்றில் எடின்பரோவாரின் பெருமையை நாம் குறைத்துக் கூற வேண்டியதில்லை. சுருக்கமும் நேர்மையும் வாய்ந்த விதிகளை அவர்கள் தந்தனர். அறிவுக்கும் பொறுமைக்கும் சோதனையான திடலைப் பேணினர். ஆனால் அவ்விதியின்படி ஆடுவதற்குரிய பந்தை எளியவர் கைக்கும் எட்டச் செய்தது எங்கோ ஒரு காட்டில் சாய்ந்த மரம். அதன்பின் வந்த பந்துக்குப் பால் எடுத்துத் தந்தவர்களின் பெயர் எந்தக் கழகத்தின் குறிப்பேட்டிலும் இல்லை.

ரப்பரைப் பற்றிப் பாடம் நடத்தும் ஆசிரியர்கள் ஏற்றுமதிக் கணக்கோடு நிறுத்திவிடாமல், அந்தப் பால் எங்கே சென்றது, என்னவாயிற்று, அதனைக் கொண்டு யார் என்ன செய்தனர் என்பதையும் மாணவர் தேடும்படி செய்தல் நலம். தன் பாட்டன் சுமந்த வாளிக்கும் உலகின் மறுகோடியிலுள்ள ஒரு புல்வெளிக்கும் தொடர்பு உண்டு என்று அறியும் பிள்ளை, வரலாறு என்பது பிறருடைய கதை என்று ஒருநாளும் எண்ணமாட்டான்.